சித்தி வயித்துல இருந்த புழுவும் நண்பன் வாங்க நினைச்ச புழுவும்

இந்த எபிசோட் ரொம்பவே லேட். வேலை, ஊருக்கு அலைச்சல்னு காரணம் சொல்லலாம். உண்மையான காரணம், நாலு மாசம் முன்னாடி இதே மைக்ல நான் பேசின ஒரு விஷயத்தை இப்போ திருத்திச் சொல்ல வேண்டியிருக்கு. அதை எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

குடல் பாக்டீரியா பத்தி ஒரு எபிசோட் பண்ணினோம், ஞாபகம் இருக்கும். அதுல கடைசிப் பத்து நிமிஷம் நான் கொஞ்சம் ஓவரா போயிட்டேன். "நம்ம தாத்தா பாட்டி வயித்துல எல்லாம் புழு இருந்துச்சு. அவங்களுக்கு அலர்ஜி இல்ல, குடல் அழற்சி இல்ல. நாம மாத்திரை போட்டுப் புழுவை விரட்டிட்டு நோயை வாங்கிக்கிட்டோம்." இப்படிப் பேசினேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டி நிறைய பேர் ஷேர் பண்ணீங்க.

ஒரு வாரம் கழிச்சு என் நண்பன் ஒருத்தன் மெசேஜ் பண்ணினான். காலேஜ்ல இருந்து பழக்கம், இப்போ ஓ.எம்.ஆர்ல வேலை. அவனுக்கு நாலு வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதாவது பெருங்குடல்ல புண்ணு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலை எதிரியா நினைச்சு அடிக்கிற நோய். மோசமான நாள்ல பத்துப் பதினஞ்சு தடவை பாத்ரூம் போகணும், ரத்தமா போகும். மெசலமின் மாத்திரை, அப்பப்போ ஸ்டீராய்டு. ஸ்டாண்டப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு உட்காந்திருப்பான். ஏன்னு டீம்ல யாருக்கும் தெரியாது.

அவன் அனுப்பின மெசேஜ் இதுதான்: "மச்சி, கொக்கிப்புழு லார்வா விக்கிறாங்கடா. வெளிநாட்டுல இருந்து கொரியர்ல வருமாம். உன் எபிசோட் கேட்டுட்டுத்தான் தேடினேன். வாங்கட்டுமா?"

எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. நான் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. பேக்எண்ட் எழுதுறவன். என் பேச்சைக் கேட்டு ஒருத்தன் உயிரோட இருக்கிற புழுவைக் காசு கொடுத்து வாங்கப் போறான். "ரெண்டு நாள் பொறுடா, படிச்சுட்டுச் சொல்றேன்"னு மட்டும் ரிப்ளை பண்ணினேன்.

அதே வாரம் வியாழக்கிழமை அப்பா போன். "உங்க சித்தி பூக்கொல்லையில மயங்கி விழுந்துட்டாப்பா."

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடி பக்கம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் சுத்து வட்டாரம் தெரிஞ்சவங்களுக்கு அந்த மண்ணு தெரியும். நல்ல செம்மண். பலா, முந்திரி, பூ. எங்க பக்கம் கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடம் மட்டும் இல்ல, புன்செய் நிலத்தையும் கொல்லைன்னுதான் சொல்லுவோம். இன்னொரு அர்த்தமும் இருக்கு. "கொல்லைக்குப் போயிட்டு வரேன்"னா எதுக்குப் போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரே வார்த்தைக்குள்ள வேலை செய்யற இடமும் வெளிக்குப் போற இடமும் இருக்கு. இன்னைக்குப் பேசப் போற மொத்த விஷயமும் அந்த ஒரு வார்த்தையில அடங்கிடும்னு அப்போ எனக்குத் தோணல.

சித்தி எங்க சித்தப்பா சம்சாரம். நாற்பத்தி மூணு வயசு. விடியக்காலம் மல்லிகை பறிக்கப் போவாங்க, சீசன்ல முந்திரி பொறுக்கப் போவாங்க. கொஞ்ச நாளாவே மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. ஒரு குடம் தண்ணி தூக்கினா உட்காந்துடுவாங்களாம். பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில போட்டு மென்னுட்டே இருப்பாங்க. எங்க அப்பத்தா எப்பவோ சொல்லியிருக்கு, "இவ வயித்துல பூச்சி இருக்குடா, அதான் அரிசி திங்கிறா"ன்னு. யாரும் கண்டுக்கல. அப்பத்தா எதுக்கெடுத்தாலும் பூச்சின்னுதான் சொல்லும். நான் தூக்கத்துல பல்லைக் கடிச்சாலும் பூச்சி, பரீட்சையில மார்க் குறைஞ்சாலும் பூச்சி.

சனிக்கிழமை காலையில போய்ச் சேர்ந்தேன். சித்தி கட்டில்ல படுத்திருந்தாங்க. கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு. ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12க்கு மேல இருக்கணும். 8க்குக் கீழ போனாலே கடுமையான ரத்தசோகை. மலப் பரிசோதனையில கொக்கிப்புழு முட்டை, நிறைய. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கொல்லைக்குச் செருப்பு போட்டுட்டுப் போவீங்களா?"

சித்தி சொன்ன பதில்: "பூக்கொல்லைக்குள்ள எப்புடிம்மா செருப்போட போறது? சாமிக்குப் போற பூவாச்சே."

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உட்காந்து போன்லயே படிக்க ஆரம்பிச்சேன். நண்பனுக்கும் பதில் சொல்லணும், சித்திக்கு என்ன ஆச்சுன்னும் புரிஞ்சுக்கணும். ரெண்டு கேள்விக்கும் நடுவுல ஒரே புழு. இனிமே சொல்றது அந்த ராத்திரியும் அதுக்கப்புறம் நாலு மாசமும் படிச்சது.

முதல்ல புழு எப்படி உள்ள வருதுன்னு பார்ப்போம். கொக்கிப்புழுவை நாம சாப்பிடறதில்ல, அது நம்ம கால் வழியா வருது. திறந்த வெளியில ஒருத்தர் மலம் கழிக்கிறார், அதுல முட்டை இருக்கு. ஈரமும் நிழலும் இருக்கிற மண்ணுல ஒண்ணு ரெண்டு நாள்ல முட்டை பொரியும். அஞ்சுல இருந்து பத்து நாளுக்குள்ள லார்வா தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வந்துடும். அப்புறம் மூணு நாலு வாரம் அந்த மண்ணுலயே கால் வருமான்னு காத்திருக்கும். வெறுங்கால் பட்டா தோலுக்குள்ள நுழையும், ரத்தக்குழாய் வழியா நுரையீரல், அங்க இருந்து மேலே ஏறித் தொண்டை, நாம எச்சில் முழுங்கும்போது வயிறு, கடைசியா சிறுகுடல். அங்க சுவரைக் கடிச்சுப் பிடிச்சுட்டு உட்காந்துடும். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஆனா வருஷக்கணக்கா உட்காரும்.

விடியக்கால பூக்கொல்லையை நினைச்சுப் பாருங்க. தண்ணி பாய்ச்சின ஈர மண், செடி நிழல், வெறுங்கால். லார்வாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இந்தப் புழு நம்ம உடம்புக்குள்ள பெருகாது. முட்டை போடும், ஆனா அது பொரியணும்னா வெளியே மண்ணுக்குப் போயாகணும். அப்போ சித்தி வயித்துல நூறு புழு இருந்தா, நூறு லார்வா தனித்தனியா நூறு தடவை தோலைத் துளைச்சு உள்ள போயிருக்கு. அத்தனையும் வேலைக்குப் போன நாள்கள்.

நம்ம நாட்டுல அதிகம் இருக்கிறது நெக்கேட்டர் அமெரிக்கானஸ்ங்கிற வகை. ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். நூறு புழுன்னா நாளைக்கு 3 மில்லி, மாசத்துக்கு 90 மில்லி. மாதவிடாய்ல சராசரியா போறதே மாசம் முப்பது நாற்பது மில்லிதான். சிந்தின இரும்புல கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா குழம்புச் சோறும் காபியுமா ஓட்டுற ஒரு உடம்புக்கு அந்தக் கணக்கு நேராவே ஆகாது. பிரசவம், மாதவிடாய், புழு, மூணு பக்கமும் செலவு.

இது ரத்தக் கணக்கு. நான் அந்த எபிசோட்ல பேசினது பாக்டீரியா கணக்கு. அதுக்கு வருவோம்.

ஒரு மனுஷ உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு 2016-ல ஒரு மதிப்பீடு வந்துச்சு. பெரும்பாலும் பெருங்குடல்ல. அதே குழாய்க்குள்ள புழுவும் பல லட்சம் வருஷமா குடியிருக்கு. ஒரே தெருவுல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் பாதிக்காம இருப்பாங்களா?

முதல்ல, புழுவுக்கே பாக்டீரியா தேவைப்படுது. சாட்டைப்புழுன்னு ஒண்ணு, பெருங்குடல் சுவருக்குள்ள தலையைப் புதைச்சுட்டு வாழும். 2010-ல மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல எலியோட சாட்டைப்புழு முட்டைகளை வெச்சுப் பார்த்தாங்க. குடல் பாக்டீரியா பக்கத்துல இருந்தா முட்டை பொரியுது, இல்லைன்னா பொரியல. பாக்டீரியா முட்டையோட முனையில போய் ஒட்டினாத்தான் கதவு திறக்குது. ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் குறைச்ச எலிகள்ல புழுவும் குறைவாத்தான் பிடிச்சுது. அதாவது அந்த முட்டைக்கு, தான் சேர வேண்டிய இடத்துக்கு வந்தாச்சான்னு சொல்ற சிக்னலே பாக்டீரியாதான். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. லோக்கேஷன் செக் பண்ணிட்டு ஓப்பன் ஆகிற ஆப் மாதிரி.

அடுத்து, புழு பாக்டீரியாவை என்ன பண்ணுது? 2016-ல நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாட்2-ன்னு ஒரு மரபணு. மனுஷங்கள்ல அதுல கோளாறு இருந்தா கிரோன்ஸ் நோய், அதாவது இன்னொரு வகை குடல் அழற்சி, வர்ற வாய்ப்பு அதிகம். அந்த மரபணு இல்லாத எலிகளோட குடல்ல பாக்டீராய்ட்ஸ் வல்கேட்டஸ்ங்கிற பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகி, குடல் சுவரைக் கெடுக்குது. அந்த எலிக்கு சாட்டைப்புழு கொடுத்தாங்க. புழுவை வெளியேத்தணும்னு எலியோட உடம்பு சளியை அதிகமா சுரக்குது. புழு எதிர்ப்புக்கே உரிய தனி வகை எதிர்வினை அது. அந்தச் சளியில கிளாஸ்ட்ரிடியல்ஸ்ங்கிற இன்னொரு கூட்டம் நல்லா வளருது. அது வளர வளர வல்கேட்டஸ் அடங்கிப் போகுது. குடல் சுவர் சரியாகுது.

கவனிச்சீங்களா? புழு எந்த பாக்டீரியாவையும் நேரா அடிக்கல. புழுவை விரட்டறதுக்காக உடம்பு கொட்டின சளிதான் தெருவுல யாரு இருக்கலாம், யாரு இருக்கக் கூடாதுன்னு மாத்தினது.

அதே குழு மலேசியாவுல ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள்கிட்டயும் பார்த்தாங்க. அங்க புழுத் தொற்று அதிகம். அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, கொடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மல மாதிரி எடுத்து ஒப்பிட்டாங்க. மாத்திரைக்கு அப்புறம் கிளாஸ்ட்ரிடியல்ஸ் குறைஞ்சுது, பாக்டீராய்டல்ஸ் கூடிச்சு. எலியில பார்த்த அதே திசை. அதுக்கு முன்னாடி 2014-லயே அந்த மக்கள்கிட்ட, புழு இருக்கிறவங்க குடல்ல பாக்டீரியா வகைகள் அதிகமா இருக்குன்னு ஒரு ஆய்வு வந்திருந்துச்சு.

நான் அந்த எபிசோட்ல பேசினது இந்த ரெண்டையும் மேலோட்டமா படிச்சுட்டுத்தான். வகை அதிகம், அப்போ நல்லது, அப்போ புழு நல்லது. மூணே அடியில முடிவு.

மீதியைப் படிச்சிருந்தா இவ்வளவு வேகமா போயிருக்க மாட்டேன். ஈக்வடார்ல 2013-ல பள்ளிக் குழந்தைகள்கிட்ட பார்த்தப்போ, சாட்டைப்புழு இருக்கிறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் பாக்டீரியாவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. இந்தோனேசியாவுல புளோரஸ் தீவுல ஒரு பாதிப் பேருக்கு மாத்திரை, மறு பாதிக்குப் போலி மாத்திரைன்னு பிரிச்சுப் பார்த்தாங்க. ஒட்டுமொத்தமா பெரிய மாற்றம் இல்ல. மாத்திரை போட்டும் புழு போகாதவங்ககிட்டதான் சில மாற்றம் தெரிஞ்சுது. நம்ம பக்கத்துல இலங்கையில, பேராதனைப் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து கிராமப்புற மக்கள்கிட்ட பண்ணின ஆய்வு 2017-ல வந்துச்சு. அங்க புழு இருந்தவங்ககிட்ட அதிகமா இருந்த கூட்டங்கள்ல ஒண்ணு என்டிரோபாக்டீரியேசி. ஈ.கோலை இருக்கிற குடும்பம். குடல் அழற்சி நோயாளிகள்கிட்ட அடிக்கடி கூடிப்போய் இருக்கிற குடும்பமும் அதுதான்.

அப்போ ஒரு ஊர்ல ஒரு மாதிரி, இன்னொரு ஊர்ல வேற மாதிரி. எந்தப் புழு, எத்தனை புழு, குடல்ல எந்த இடம், என்ன சாப்பாடு, எல்லாத்தையும் பொறுத்து மாறுது. இதுல சாட்டைப்புழு இருக்கிறது பெருங்குடல்ல, பாக்டீரியா நெரிசலுக்கு நடுவுல. சித்தியோட கொக்கிப்புழு சிறுகுடல்ல, பாக்டீரியா ரொம்பக் குறைவா இருக்கிற பகுதியில. ஒண்ணைப் பத்தித் தெரிஞ்சதை இன்னொண்ணுக்கு ஒட்ட முடியாது. நான் ஒட்டினேன்.

சரி, நண்பன் விஷயம். புழுவை மருந்தாக் கொடுக்கிறதுங்கிறது கட்டுக்கதை இல்ல. 2004-ல ஒரு ஆள், இதே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஆபரேஷன் பண்ணிப் பெருங்குடலையே எடுக்கலாம்ங்கிற நிலைமை. தாய்லாந்துக்குப் போய் மனுஷ சாட்டைப்புழு முட்டை வாங்கி முழுங்கினார். முதல்ல 500, அப்புறம் 1000. நோய் அடங்கிச்சு, பல வருஷம் மருந்தே தேவைப்படல. அவரே விஞ்ஞானிகளைத் தேடிப் போய் "என்னை ஆராய்ச்சி பண்ணுங்க"ன்னு சொன்னார். 2010-ல அது கட்டுரையா வந்துச்சு. புழு இருந்த இடத்துல குடல் சளி சுரக்கிறது கூடியிருந்துச்சு, எலியில பார்த்த மாதிரியே. கொஞ்ச வருஷத்துல புழு குறைஞ்சதும் நோய் திரும்பிச்சு. அவர் மறுபடியும் முட்டை முழுங்கினார்.

என் நண்பன் படிச்சதும் இந்த ஆளோட கதைதான்.

அவன் படிக்காதது அதுக்கப்புறம் நடந்தது. 2005-ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல, பன்றியோட சாட்டைப்புழு முட்டையை மருந்தாக் கொடுத்தாங்க. அது மனுஷ உடம்புல ரொம்ப நாள் தங்காதுங்கிறதால அதைத் தேர்ந்தெடுத்தாங்க. கிரோன்ஸ் நோயாளிகள் 29 பேர், மூணு வாரத்துக்கு ஒரு தடவை 2500 முட்டை. பெரும்பாலானவங்களுக்கு நல்லாச்சு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழுவே அதுல கிடையாது. உலகம் முழுக்கச் செய்தி ஆச்சு. 2013-ல பெரிய அளவுல போலி மருந்தோட ஒப்பிட்டுச் சோதிச்சப்போ, முட்டை முழுங்கினவங்களுக்கும் முழுங்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல சீலியாக் நோய் உள்ள ஒரு டஜன் பேருக்கு 20 கொக்கிப்புழு லார்வா கொடுத்தும் பார்த்திருக்காங்க. பாக்டீரியா வகை கொஞ்சம் கூடிச்சு. ஆனா அது எத்தனை புழுன்னு எண்ணிக் கொடுத்து, டாக்டர் கண் முன்னாடி நடந்தது. கொரியர்ல வர்ற புட்டிக்குள்ள எத்தனை இருக்குன்னு யாரு எண்ணினது? நண்பன் ஏற்கெனவே ரத்தம் போய்ட்டு இருக்கிற ஆள். ரத்தம் குடிக்கிற புழுவை அவனே வரவழைக்கப் போறான்.

இதை எல்லாம் போன்ல அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் "அப்போ ஏன்டா அப்படிப் பேசின?"ன்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சித்தியோட ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். 6.8-ங்கிற நம்பரைப் பார்த்துட்டு, "இது எனக்கு வந்த மோசமான நாளைவிடக் கம்மிடா"ன்னான்.

அவன் புழு வாங்கல. இப்போ அவனோட டாக்டர் வேற ஊசி மருந்து ஆரம்பிச்சிருக்கார். அதுவும் விலை ஜாஸ்தி, அது தனிக் கதை.

இப்போ மாத்திரை பக்கம் வருவோம். ஏன்னா "அப்போ நீ மாத்திரைக்கு ஆதரவா எதிரா?"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. ஆதரவு, சந்தேகமே இல்லாம. பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள், 2015-ல இருந்து நடக்குது. ஆகஸ்ட்ல இன்னொரு சுற்று. 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் அல்பெண்டசோல் கொடுப்பாங்க. 400 மில்லிகிராம், ரெண்டு வயசுக்குக் கீழே பாதி. தமிழ்நாட்டுல 20 முதல் 30 வயசுப் பெண்களையும் சேர்த்திருக்காங்க, கர்ப்பிணிகளும் பாலூட்டுறவங்களும் தவிர. நாம எல்லாரும் ஸ்கூல்ல வரிசையில நின்னு மென்னு முழுங்கின பூச்சி மாத்திரைதான். புழுவோட செல்லுக்குள்ள இருக்கிற சாரக்கம்பி மாதிரியான அமைப்பை அது கட்ட விடாது. புழு சர்க்கரை எடுக்க முடியாம பட்டினியில செத்துப் போகும். ரத்தசோகையில இருக்கிற ஒரு பிள்ளைகிட்ட "பாக்டீரியா வகை குறைஞ்சிடும், மாத்திரை வேணாம்"னு சொன்னா அது பைத்தியக்காரத்தனம்.

ஆனா வயசுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. சித்திக்கு 43. அவங்க எந்த வரிசையிலயும் வரல.

இது எங்க சித்தி கதை மட்டும் இல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்தின டீவார்ம்3-ன்னு ஒரு பெரிய ஆய்வு. இந்தியா, பெனின், மலாவி மூணு நாட்டுல ஒரே நேரத்துல நடந்தது. நம்ம ஊர்ல வேலூர் பக்கம் திமிரியும், திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாதுமலையும். பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்கிறதுக்குப் பதிலா, ஊர்ல இருக்கிற எல்லா வயசுக்காரங்களுக்கும் வருஷம் ரெண்டு தடவை மூணு வருஷம் வீடு வீடாக் கொடுத்தா புழு பரவுறதையே நிறுத்த முடியுமான்னு சோதிச்சாங்க. மாத்திரைக்கு முன்னாடி எடுத்த கணக்குல, அங்க பெரும்பாலும் கொக்கிப்புழுதான். அதுவும் வயசு ஏற ஏறத் தொற்று அதிகம். ஸ்கூல் பிள்ளைக்கு மாத்திரை கிடைச்சாச்சு. அப்பா அம்மா புழுவோட கொல்லைக்குப் போறாங்க. அதே மண்ணுல பிள்ளை விளையாடுது.

இதுக்கு ஒரு பழைய கதையும் இருக்கு. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்க வயித்துல கொக்கிப்புழு நிறைய இருந்துச்சு. 1916-ல அமெரிக்காவோட ராக்பெல்லர் பவுண்டேஷன் அந்தத் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பிச்சாங்க. மருந்து கொடுத்தாங்க, புழு போச்சு. கழிப்பறை கட்டத் தோட்ட முதலாளிகள் பெருசா ஆர்வம் காட்டல. சில மாசத்துல மறுபடியும் புழு. நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு, இதே தப்பைத்தான் வேற வேற பேர்ல பண்ணிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன்.

எங்க வீட்டுல கழிப்பறை இருக்கு. அரசு மானியத்துல கட்டினது. பாதி நேரம் அதுல விறகு அடுக்கி வெச்சிருப்பாங்கன்னு எழுதுறது பேஷன், எங்க வீட்டுல அப்படி இல்ல, எல்லாரும் போறாங்க. ஆனா பூக்கொல்லையில காலையில நாலு மணிக்குப் போய்ப் பத்து மணி வரைக்கும் நிக்கிற பதினஞ்சு பேருக்கு அங்க என்ன இருக்கு? பக்கத்துல இருக்கிற முந்திரிக்காடுதான். முந்திரி நிழல்ல ஈரம் காயாது.

ஸோ நான் என்ன சொன்னேன், இப்போ என்ன சொல்றேன்? சாஃப்ட்வேர்ல எங்களுக்கு ஒரு பயம் உண்டு. யாரோ பத்து வருஷம் முன்னாடி எழுதின ஒரு லைப்ரரி சர்வர்ல ஓடிட்டு இருக்கும். அதை எடுத்தா எது உடையும்னு தெரியாது, ஏன்னா மத்ததெல்லாம் அது இருக்குன்னு நம்பி எழுதினது. நம்ம எதிர்ப்புச் சக்தியும் பாக்டீரியாவும் புழு இருக்குன்னு நம்பியே உருவாகியிருக்கலாம். அது நியாயமான யோசனை, நிறைய விஞ்ஞானிகள் அதை நம்பறாங்க. ஆனா அந்த லைப்ரரியில இருந்து தேவையான ஒரு பங்க்ஷனை மட்டும் கத்துக்கிட்டுப் புதுசா எழுதணும். அந்தச் சளி எப்படிச் சுரக்குது, எந்த பாக்டீரியா அதுல வளருது, புழு சுரக்கிற எந்தப் புரதம் அழற்சியை அடக்குதுன்னு இப்போ தேடிட்டு இருக்காங்க. அதை விட்டுட்டு, மால்வேரோட சேர்த்து மொத்தத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்றதுதான் நான் அன்னைக்குச் சொன்ன யோசனை.

அதுவும் யாருக்கு யாரு சொல்றது? ஏசி ரூம்ல உட்காந்து "எங்க தாத்தாவுக்கு இந்த நோயெல்லாம் இல்ல"ன்னு நான் சொன்னேன். எங்க அப்பத்தாகிட்ட அந்த ராத்திரி கேட்டேன். அப்பத்தா விரல் விட்டு எண்ணிச்சு. அதோட நாத்தனார் ஒருத்தி பிரசவத்துல போனது, உடம்பெல்லாம் வெளுத்துப் போய். "சோகைன்னு சொன்னாக"ன்னு சொல்லுச்சு. அலர்ஜி இல்லாத காலம்னு நான் பெருமையா சொன்ன காலம்தான் அது.

பழைய எபிசோட்ல இருந்து அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்துட்டேன். என்ன தப்புன்னு அங்க எழுதியும் போட்டிருக்கேன். ஷேர் பண்ணினவங்க முடிஞ்சா இதையும் ஷேர் பண்ணுங்க. குடல் அழற்சி உள்ளவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, தயவு செஞ்சு எதையும் ஆர்டர் பண்ணாதீங்க. டாக்டர்கிட்ட பேசுங்க.

சித்திக்கு அல்பெண்டசோல் கொடுத்தாங்க, ட்ரிப்ல இரும்புச்சத்து ஏத்தினாங்க, அப்புறம் தினமும் சத்து மாத்திரை. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தப்போ 10.4. பச்சரிசி மெல்லுறது நின்னு போச்சு, அதை அவங்களே கவனிக்கல. நான் கேட்டப்புறம்தான் "அட, ஆமால்ல"ன்னாங்க. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில ரெண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன்.

போன வாரம் சித்தப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், போடுறாங்களான்னு. முந்திரிக்காட்டுக்குப் போட்டுட்டுப் போறாங்களாம். பூக்கொல்லைக்கு வரப்பு வரைக்கும்தான். அங்கயே கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போறாங்களாம்.